ரெக்கார்டுல ஃபுல் மார்க், லேப்ல கை ஓடல... இப்ப என்ன பண்றது?

பெரம்பூர்லேர்ந்து ஒரு தம்பி எழுதிருக்காரு. இன்ஜினியரிங் செகண்ட் இயர், கம்ப்யூட்டர் சயின்ஸ், காலேஜ் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். பேர் வேணாம்னு கேட்டாரு, போடல. லெட்டர் நாலு பக்கம், சுருக்கி தரேன், ஆனா அவர் எழுதின மாதிரியேதான் வெச்சிருக்கேன்:

"மேடம், போன் இல்லாம படிச்ச ஞாபகமே எனக்கு இல்ல. எட்டாவது முடியும்போது கொரோனா, ஒம்பதாவது பூரா அம்மா போன்ல கிளாஸ், கடைசில ஆல் பாஸ். இப்ப காலைல எழுப்பறது போன், பஸ் எங்க வருதுனு பாக்கறது போன், கேன்டீன்ல காசு குடுக்கறது போன், படிக்கறது யூடியூப் டூ எக்ஸ் ஸ்பீடுல, அசைன்மென்ட் சாட்ஜிபிடி. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (கம்ப்யூட்டர்ல தகவல எப்படி அடுக்கி வெக்கறதுங்கற பாடம்) லேப் ரெக்கார்டு எல்லாமே அதுல கேட்டுதான் எழுதினேன், ஃபுல் மார்க். போன வாரம் மாடல் லேப் எக்ஸாம், நெட்டு கட் பண்ணிட்டாங்க, லிங்க்டு லிஸ்ட் (தகவல ஒண்ணோட ஒண்ணு கோத்து வெச்ச சங்கிலி, அதுல ஒவ்வொரு கண்ணியும் ஒரு நோடு) நடுவுல ஒரு நோடு சேக்க சொன்னாங்க, அரை மணி நேரம் வெறும் ஸ்க்ரீனயே பாத்துட்டு உக்காந்திருந்தேன் மேடம். எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா கை ஓடல. எங்கப்பா ஆட்டோ ஓட்டறாரு, மேப் பாக்கவே மாட்டாரு, மெட்ராஸ் பூரா அவர் தலைலயே இருக்கு. எனக்கு மேப் இல்லனா பாரிஸ் கார்னர் போகவே டவுட்டு. என் மூளை மழுங்கிடுச்சா? கால்குலேட்டர் வந்தப்பவும் இப்படித்தான் பயந்தாங்கனு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, அப்ப ஏஐயும் அது மாதிரிதானா, இல்ல எல்லாத்தையும் டெலீட் பண்ணிடட்டுமா? கடைசியா ஒண்ணு, என் லேப்டாப் ரொம்ப ஸ்லோ, நோட்ஸ் எழுத பேனாவோட வர்ற டேப் ஒண்ணு அப்பாகிட்ட கேக்கலாமா?"

தம்பி, மொதல்ல உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகல. மூளை மழுங்கின ஆளு இப்படி நாலு பக்கம் தன்னையே தோண்டி எழுத மாட்டான். நான் பல வருஷமா இதே டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம்தான் எடுக்கறேன், லேப்ல வெறும் ஸ்க்ரீன பாத்துட்டு உக்காந்திருக்கற பசங்கள ஏஐ வர்றதுக்கு முன்னாடியும் பாத்திருக்கேன், அப்பல்லாம் சீனியர் ரெக்கார்ட வாங்கி வெச்சுக்கிட்டு கமா விடாம காப்பி அடிப்பாங்க, ஒரு தடவ பையன் ஒருத்தன் சீனியரோட ரெஜிஸ்டர் நம்பரையும் சேத்தே எழுதிட்டு வந்தான். அதனால காப்பி புதுசு இல்ல. ஆனா அந்த காலத்து காப்பில கையாவது வலிக்கும், எழுதும்போது ரெண்டு வரி மண்டைல ஒட்டும். உங்களுக்கு அந்த வலியும் மிச்சமாயிடுச்சு.

உங்க லெட்டர்ல நான் அடிக்கோடு போட்ட வரி "எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு". மொத்த பிரச்சனையும் அங்கதான் இருக்கு. பாத்தா புரியறது ஒண்ணு, ஒண்ணுமில்லாத பேப்பர்ல உள்ளேர்ந்து எடுத்து எழுதறது வேற ஒண்ணு. நீங்க பழகினது மொதலாவது மட்டும்தான், எக்ஸாம் கேட்டது ரெண்டாவது. இத சும்மா அட்வைஸா சொல்லல, 2006ல அமெரிக்கால ரோடிகர், கார்பிக்கினு ரெண்டு சைக்காலஜிஸ்ட் காலேஜ் பசங்கள வெச்சே பாத்தாங்க. ஒரு செட்டுக்கு ஒரு பாடத்த நாலு ரவுண்டு படிக்க குடுத்தாங்க, இன்னொரு செட்டுக்கு ஒரே ரவுண்டுதான் படிக்க, மீதி மூணு ரவுண்டும் பேப்பர மூடிட்டு ஞாபகத்துலேர்ந்து எழுதணும். 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா நாலு ரவுண்டு படிச்சவங்கதான் ஜெயிச்சாங்க, 83 சதவீதம், எழுதி பாத்தவங்க 71. ஒரு வாரம் கழிச்சு வெச்சா அப்படியே தலைகீழு, படிச்சவங்க 40, எழுதி பாத்தவங்க 61. இதுல எனக்கு பிடிச்ச விஷயம் என்னன்னா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்னு அதிகமா நம்பிக்கையா சொன்னது அந்த 40 வாங்கின கோஷ்டிதான். தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுனு நீங்க எழுதினீங்க இல்ல, அதேதான்.

இப்ப கால்குலேட்டர் கதைக்கு வருவோம். உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றதுல பாதி சரி. கால்குலேட்டர் கணக்கு போட்டு குடுக்கும், ஆனா எத எதால வகுக்கணும்னு அதுக்கு தெரியாது, அத நீங்கதான் முடிவு பண்ணி அழுத்தணும், அந்த முடிவு எடுக்கறதுதான் கணக்கு, மீதி வெறும் வேல. சாட்ஜிபிடில கேள்விய அப்படியே ஒட்டினா அந்த முடிவையும் சேத்து அதுவே எடுத்துடுது. உங்களுக்கு மிச்சம் இருக்கறது காப்பி, பேஸ்ட், அப்புறம் ஒரு தலையாட்டல். அதனால கால்குலேட்டர் மாதிரிதான்னு சொல்லி தப்பிக்க முடியாது.

அதுக்காக ஏஐனாலே கெடுதல்னு நான் சொல்ல வரல. துருக்கில ஸ்கூல் பசங்க கிட்டத்தட்ட ஆயிரம் பேர வெச்சு மேத்ஸ்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2025ல வெளிவந்துச்சு. ஒரு குரூப்புக்கு சாதா சாட் ஏஐ, கேட்டா விடை குடுத்துடும். இன்னொரு குரூப்புக்கு வாத்தியார் மாதிரி செட் பண்ண ஏஐ, விடைய சொல்லாது, க்ளூ மட்டும் குடுக்கும். மூணாவது குரூப்புக்கு ஒண்ணுமே கிடையாது, புக்கும் நோட்டும்தான். ப்ராக்டிஸ் பண்ணும்போது சாதா ஏஐ வெச்சிருந்தவங்க ஒண்ணுமே இல்லாதவங்கள விட 48 சதவீதம் நல்லா பண்ணாங்க, க்ளூ ஏஐ குரூப்பு 127 சதவீதம். அப்புறம் ஏஐய பிடுங்கிட்டு பரிட்சை வெச்சாங்க. சாதா ஏஐ குரூப்பு, ஒண்ணுமே இல்லாம படிச்சவங்கள விட 17 சதவீதம் கம்மி! க்ளூ ஏஐ குரூப்புக்கு அந்த அடி விழல. உங்க மாடல் லேப் எக்ஸாமும் இந்த ஆராய்ச்சிதான், என்ன, உங்க காலேஜ்ல உங்கள கேக்காம நடத்திட்டாங்க.

அந்த துருக்கி கதைல நமக்கு வேண்டியது அந்த க்ளூ குரூப்புதான். ஒரே டெக்னாலஜி, கேக்கற விதம் மாறினா ரிசல்ட் மாறுது. அதனால டெலீட் பண்ண வேணாம், வரிசைய மாத்துங்க. மொதல்ல நீங்க திணறணும், அப்புறம்தான் அது வாய தொறக்கணும். இப்ப வரைக்கும் அது பேசின பிறகு நீங்க தலையாட்டிட்டு இருந்தீங்க.

எப்படினு உங்களுக்கு கை ஓடாம போன அதே கேள்விலயே காட்றேன். லேப்டாப்ப மூடிடுங்க. ஒரு ரஃப் நோட்டு, பென்சில். மூணு பெட்டி வரைங்க, 10, 20, 30னு எழுதுங்க, ஒவ்வொரு பெட்டிலேர்ந்தும் அடுத்ததுக்கு ஒரு அம்பு. பெட்டிதான் நோடு, அம்புங்கறது அடுத்த பெட்டி மெமரில எங்க இருக்குங்கற விலாசம். இப்ப 20க்கும் 30க்கும் நடுவுல 25 வரணும். தனியா ஒரு பெட்டி வரைஞ்சு 25னு போடுங்க. இப்ப கைல ரப்பர எடுங்க, எந்த அம்ப மொதல்ல அழிப்பீங்க? கிளாஸ்ல பாதி பேரு டக்குனு 20லேர்ந்து 30க்கு போற அம்ப அழிச்சுட்டு 25க்கு போட்டுடுவாங்க. அப்புறம் 25லேர்ந்து 30க்கு அம்பு போடணும்னு வரும்போதுதான் தெரியும், 30 எங்க இருக்குனு சொல்ல கம்ப்யூட்டருக்கு இப்ப யாருமே இல்ல, அது விலாசம் இருந்த ஒரே இடம் நீங்க அழிச்ச அந்த அம்பு. பேப்பர்ல உங்க கண்ணுக்கு 30 தெரியுது, மெமரில அது காணாம போன புள்ள. அதனால மொதல்ல 25லேர்ந்து 30க்கு அம்பு, அதுக்கப்புறம்தான் 20லேர்ந்து 25க்கு. ப்ரோகிராம்ல மொத்தமே ரெண்டு வரி, ஆனா வரிசை மாறினா லிஸ்ட்டோட வாலு பூரா போச்சு. ஏஐ குடுத்த ப்ரோகிராம்ல இந்த ரெண்டு வரியும் சரியான வரிசைல அழகா இருந்திருக்கும், நீங்களும் படிச்சு ஆமா ஆமானு போயிருப்பீங்க, ஏன் அந்த வரிசைனு ஒரு நொடி கூட தோணிருக்காது, ஏன்னா தப்பா போட்டு வால தொலைச்சவனுக்குதான் அந்த கேள்வியே வரும்.

இத ஒரு இருபது நிமிஷம் முட்டி மோதி பாத்துட்டு, வரலனா அப்ப ஏஐகிட்ட போங்க, ஆனா "ப்ரோகிராம் குடு"னு கேக்காதீங்க. நீங்க எழுதின அரைகுறை ப்ரோகிராம ஒட்டி "முழு விடை சொல்லாத, நான் எந்த வரில தப்பு பண்ணேன்னு ஒரு க்ளூ மட்டும் குடு"னு தமிழ்லயே கேளுங்க, தங்கிலீஷ்ல அடிச்சா கூட புரிஞ்சுக்கும். அது சில சமயம் சொன்னத கேக்காம விடைய கொட்டிடும், அப்ப விண்டோவ மூடுங்க, வேற வழி இல்ல. மறுநாள் எதையும் பாக்காம அதே ப்ரோகிராம திரும்ப ஒரு தடவ எழுதுங்க. இந்த மறுநாள் வேலையத்தான் எல்லாரும் டபாய்ப்பாங்க, ஆனா மார்க்கு அங்கதான் இருக்கு. கேம்பஸ் இன்டர்வியூலயும் அப்படித்தான், ஆன்லைன் ரவுண்டு தாண்டி உள்ள போனா ஒரு ஏ4 பேப்பரும் பேனாவும் குடுத்து எழுதுங்கனு சொல்லுவாங்க, அங்க கூகுள் வராது.

யூடியூப் டூ எக்ஸ் பத்தி குத்த உணர்ச்சியோட எழுதிருந்தீங்க, அத விட்டுடுங்க. கலிஃபோர்னியால 2021ல இத தனியாவே ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, டூ எக்ஸ் வரைக்கும் புரிதல்ல பெருசா அடி விழல, அதுக்கு மேல போனாதான் இறங்குது. ஒரே வீடியோவ டூ எக்ஸ்ல ரெண்டு தடவ, ரெண்டாவது தடவ டெஸ்ட்டுக்கு கொஞ்சம் முன்னாடி பாத்தா, நார்மல் ஸ்பீடுல ஒரு தடவ பாத்தத விட மார்க்கு கூட நல்லா வந்துச்சாம். என்பிடெல்னு ஒரு ஆன்லைன் தளத்துல ஐஐடி வாத்தியாருங்க எடுக்கற டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வீடியோவே ஃப்ரீயா இருக்கு, சர்டிஃபிகேட் பரிட்சைக்குதான் காசு, தாராளமா டூ எக்ஸ்ல பாருங்க (ஒரு சிலர் பேசற நிதானத்துக்கு டூ எக்ஸே நார்மல் மாதிரிதான் இருக்கும், என் கிளாஸ வீடியோ எடுத்தாலும் பசங்க அப்படித்தான் சொல்லுவாங்கனு நெனைக்கறேன்). ஆனா வீடியோ முடிஞ்சதும் அடுத்தது தானா ஓட விடாம, போன கவுத்து வெச்சுட்டு என்ன சொன்னாங்கனு அஞ்சு வரி எழுதுங்க. அஞ்சு வரி வரலனா நீங்க அந்த வீடியோவ பாத்தீங்க, படிக்கல.

பஸ்ல ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர, அத எப்படி யூஸ் பண்றதுனு கேட்டிருந்தீங்க. காலைல தூங்குங்க. நெஜமாதான் சொல்றேன். ஆறு மணிக்கு பஸ் ஏறி பூந்தமல்லி ட்ராஃபிக்ல குலுங்கிட்டு பிடிஎஃப் படிக்கறேன்னு கண்ண கெடுத்துக்க வேணாம். சாயங்காலம் வரும்போது வேணா, போன பேக்ல போட்டுட்டு, இன்னிக்கு நடந்த நாலு கிளாஸ்ல என்ன சொன்னாங்கனு பக்கத்து சீட்டு ஃப்ரெண்டுகிட்ட சொல்லி பாருங்க, அவன் ஓட்டுவான், ஓட்டட்டும். ராத்திரி ஒன்றரை வரைக்கும் ரீல்ஸ்னு எழுதிருக்கீங்க, அதுக்கு நான் லெக்சர் அடிக்க போறதில்ல, சார்ஜர ஹால்ல மாட்டுங்க, அலாரத்துக்கு ஒரு டப்பா கடிகாரம் வாங்குங்க, அவ்ளோதான். வீட்ல இடம் இல்ல, டிவி சத்தம்னா உங்களுக்கு பக்கத்துலயே கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம் இருக்கு, 2024ல தொறந்தது, பசங்க உக்காந்து படிக்க தனி இடம், கொஞ்சம் காசுதான். அது ஃபுல்லா இருந்தா கோட்டூர்புரம் அண்ணா நூலகம், கீழ் தளத்துல சொந்த புக்க எடுத்துட்டு போய் படிக்கறதுக்குனே ஒரு ஹால் உண்டு, பறக்கும் ரயில்ல இறங்கினா நடக்கற தூரம்.

இன்னொண்ணு, நீங்க லெட்டர்ல போற போக்குல சொல்லிட்டு போயிட்டீங்க, ஆனா என் கண்ணு அங்கயே நின்னுடுச்சு. ஒம்பதாவது ஆல் பாஸ். உங்க பேட்ச் பசங்க எத்தன பேருக்கு செகண்ட் இயர்ல வந்து மேத்ஸ்ல இடிக்குதுனு பாக்கறேன், பாதிக்கு மேல காரணம் மூளை இல்ல, 2020லயும் 2021லயும் சின்ன ஸ்க்ரீன்ல, விட்டு விட்டு வந்த சிக்னல்ல போன அல்ஜீப்ராதான். பின்னத்த சுருக்க தெரியாம இன்ட்டக்ரேஷன் போடறது நரகம். வெக்கப்படாம சமச்சீர் ஒம்பதாவது, பத்தாவது மேத்ஸ் புக்க எடுங்க, ஆன்லைன்ல பிடிஎஃப் ஃப்ரீ, இயற்கணிதம் சாப்டர் மட்டும் லீவ் நாள்ல உக்காந்து போடுங்க, காலேஜ் பையன் நீங்க, ஸ்கூல் புக்க ரெண்டு வாரத்துல முடிச்சுடுவீங்க. இதுக்கு யாரும் மார்க்கு தர மாட்டாங்க, ஆனா மேத்ஸ் அரியர்னு ஒண்ணு விழாம இருக்கும்.

அப்பா விஷயத்துக்கு வரேன். லண்டன்ல டாக்ஸி ஓட்டணும்னா சுமார் 25,000 தெருவ மனப்பாடமா தெரிஞ்சுக்கிட்டு பரிட்சை எழுதணும், அந்த டிரைவருங்க மூளைய 2000த்துல மகுவையர்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஸ்கேன் பண்ணி பாத்தாங்க, வழி ஞாபகம் வெச்சுக்கற ஹிப்போகாம்பஸ்ங்கற பகுதியோட பின்பக்கம் மத்தவங்கள விட பெருசா இருந்துச்சு. பொறக்கும்போதே அப்படியா இருந்துச்சுனு சந்தேகம் வருமில்ல, அதனால பரிட்சைக்கு படிக்க ஆரம்பிக்கறவங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்து 2011ல சொன்னாங்க, படிச்சு பாஸ் பண்ணவங்களுக்கு படிக்க படிக்க அது வளந்திருக்கு, மத்தவங்களுக்கு அப்படி இல்ல. உங்கப்பாவுக்கு யாரும் ஸ்கேன் எடுக்கல, ஆனா பேசின் பிரிட்ஜ்ல மாட்டினா மூலக்கொத்தளம் பக்கம் எப்படி திருப்பணும், ரெண்டு தூறல் போட்டா கணேசபுரம் சப்வே என்ன கதி ஆகும்னு அவருக்கு தெரியறது பொறவி வரம் இல்ல, தப்பான சந்துல பூந்து சவாரிகிட்ட திட்டு வாங்கி வந்தது. உங்களுக்கும் வரும். அதுக்காக மேப்ப தூக்கி போட சொல்லல, புது ஏரியாக்கு நான் மேப் இல்லாம போக மாட்டேன். ஆனா ஒரு தடவ மேப் பாத்து போன இடத்துக்கு ரெண்டாவது தடவ மேப் இல்லாம போங்க. எல்லாத்தையும் நீங்களே ஞாபகம் வெச்சுக்கணும்னு அவசியம் இல்ல, பஸ் டைமிங் போன்ல இருக்கட்டும், ஃப்ரெண்டு பர்த்டே போன்ல இருக்கட்டும், கேன்டீன்ல ஜிபேலயே காசு குடுங்க. எது உங்க தொழிலாக போகுதோ அத மட்டும் வெளில குத்தகைக்கு விடாதீங்க. அப்பா ரூட்ட விடல, நீங்க ப்ரோகிராமிங்க விட்டுட்டீங்க, அவ்ளோதான் ரெண்டு பேருக்கும் வித்தியாசம்.

லேப் எக்ஸாமுக்கு ரெண்டு வாரம் இருக்குனு எழுதிருந்தீங்க. லேப் ரெக்கார்டுல எல்லாத்தையும் தொட முடியாது, லிங்க்டு லிஸ்ட், ஸ்டாக், க்யூ, பைனரி சர்ச் ட்ரீ, ஏதாவது ரெண்டு சார்ட்டிங், இத மட்டும் தினம் ஒண்ணு நெட்ட கட் பண்ணிட்டு எழுதி, ரன் பண்ணி, எரர நீங்களே படிங்க. எரர் மெசேஜ காப்பி பண்ணி ஏஐல ஒட்டற பழக்கம்தான் கடைசியா விடும், அத இந்த ரெண்டு வாரம் மட்டுமாவது நிறுத்துங்க, அதுல எந்த வரினு நம்பரே போட்டிருக்கும், எக்ஸாம் ஹால்ல உங்களுக்கு இருக்கற ஒரே துணை அதுதான். வைவால, அதான் வாய்மொழி தேர்வுல, கேட்டது தெரியலனா முழிக்காதீங்க, பேப்பர் கேட்டு பெட்டி வரைஞ்சு பேசுங்க, வெளி காலேஜ்லேர்ந்து எக்ஸ்டர்னலா வர்றவங்க பாதி பேரு படம் வரையற பையனுக்கு மார்க்கு குறைக்க மாட்டாங்க.

டேப் வேணாம். அப்பாகிட்ட கேக்காதீங்க. டேப்ல ப்ரோகிராம் எழுதி ரன் பண்றது அவஸ்தை, நோட்ஸ் எழுத ரஃப் நோட்டு போதும். உங்க பிரச்சனை லேப்டாப் ஸ்லோ, அதுல இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான்னு எழுதிருக்கீங்க, அத எடுத்துட்டு எஸ்எஸ்டி (அத விட வேகமான டிஸ்க்) மாட்டினாலே புது மெஷின் மாதிரி ஆயிடும், ரேம் ஸ்லாட் காலியா இருந்தா ஒரு ரேமும் போடுங்க, ரெண்டும் சேந்தாலும் டேப் விலைக்கு கிட்ட வராது. கம்ப்யூட்டர் சாமான் விக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போங்க, ஞாயித்துக்கிழம வேணாம், முக்கால்வாசி கடை மூடிருக்கும். நாலு கடைல விலை கேட்டுட்டு, பில்லு தர்ற கடையா பாத்து, உங்க கண்ணு முன்னாடியே மாட்ட சொல்லுங்க, உள்ள எடுத்துட்டு போறேன்னா குடுக்காதீங்க. போறதுக்கு முன்னாடி முக்கியமான ஃபைல எல்லாம் பென் டிரைவ்ல ஏத்திக்கங்க, கழட்டின ஹார்ட் டிஸ்க்க கேட்டு வாங்கிக்கங்க, கடைலயே விட்டுட்டு வந்துடாதீங்க, உங்க போட்டோ, ஆதார் ஸ்கேன் எல்லாம் அதுலதான் இருக்கும்.